காய்ச்சலும் பாய்ச்சலும்: காவிரிப் படுகையில் விதையில்லாத் தாவரங்களின் இலையைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நெல்லுக்குத் தண்ணீர் கட்டுவதைப் பற்றிப் பேசும்போது டெல்டாவில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்பார்கள். தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் வேருக்கு மூச்சு முட்டும். காய்ந்துகொண்டே இருந்தால் பயிர் வாடும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். கும்பகோணத்துப் பக்கம் எந்தக் கிணற்றடிச் சுவரைப் பார்த்தாலும் பச்சை வெல்வெட்டுத் துணி போர்த்தியதுபோல் ஒரு செடி படர்ந்திருக்கும். அந்த மாஸ் செடி இதே கணக்கைத் தன் இலைக்குள் ஒவ்வொரு நாளும் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கல்லூரியில் தாவரவியல் படித்தபோது மாஸ் இலையைப் படத்தில் பார்த்து, வரைந்து, மதிப்பெண் வாங்கினேன். எங்கள் வீட்டுக் கிணற்றடியில் இருப்பதைக் குனிந்து பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின. அதற்குள் அந்தக் கிணற்றைத் தூர்த்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இன்னும் ஒரு ஈரச் சுவர் இருந்தால், ஓர் ஐப்பசி தொடங்கி மாசி வரை அதனோடும் பக்கத்து வயலோடும் செலவிடுங்கள். பூக்காத, விதை வைக்காத செடிகள் இலையை எப்படிக் கட்டுகின்றன, எதைக் கொடுத்து எதைப் பெறுகின்றன என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்.

தொடங்கும் முன்: கேள்வி என்ன?

ஒளிச்சேர்க்கைக்கு ஒளி, நீர், கரியமில வாயு மூன்றும் வேண்டும் என்பது பள்ளிப்பாடம். இந்த மூன்றில் இரண்டு ஒன்றுக்கொன்று பகை என்பதைப் பாடம் அழுத்திச் சொல்வதில்லை. இன்றைய காற்றில் கரியமில வாயு பத்தாயிரத்தில் ஏறத்தாழ 4 பங்குதான். அவ்வளவு அரிதான பொருளை உள்ளே விட இலை தன்னைத் திறந்து வைக்க வேண்டும். திறந்தால் நீராவி வெளியே போகும். மூடினால் நீர் மிஞ்சும், சோறு கிடைக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. கரியமில வாயு காற்றில் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால், நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவும். இலையின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நின்றாலே போதும், அது வாசலில் போட்ட தாழ்ப்பாள் மாதிரி. நீர் குறைந்தாலும் இழப்பு, மிகுந்தாலும் இழப்பு. இனி நீங்கள் பார்க்கப்போகும் ஒவ்வொரு செடியும் இந்தச் சிக்கலுக்குத் தன் வழியில் கண்டுபிடித்த தீர்வு. நோட்டின் முதல் பக்கத்தில் இரண்டு கேள்விகளை எழுதிவையுங்கள்: இந்த இலை நீரை எங்கே வைத்திருக்கிறது? காற்றை எங்கே வைத்திருக்கிறது?

எங்கே போவது, எதை எடுத்துப்போவது

டெல்டா வண்டல் மண். தோண்டினால் களிமண்ணும் மணலும் வருமே தவிர பாறை வராது. கோயில்களின் கருங்கல்கூட வெளியிலிருந்து வந்ததுதான். அதனால் மாஸும் சுவர்ப் பெரணியும் (ஃபெர்ன்) இங்கே பெரும்பாலும் மனிதர் கட்டியவற்றை நம்பி வாழ்கின்றன: கிணற்று உறை, வாய்க்கால் மதகு, பழைய செங்கல் சுவர், நாட்டு ஓடு, குளத்துப் படி. பழைய சுண்ணாம்புக் காரை இருந்தால் இன்னும் நல்லது.

வடகிழக்குப் பருவமழை தொடங்கி இரண்டு வாரம் கழித்துச் சுவர்களைப் பாருங்கள். வயல்வெளிச் செடிகளுக்குச் சம்பா நடவுக்குப் பிந்தைய நாட்களும், அறுவடை முடிந்து மண்ணில் ஈரம் மட்டும் நிற்கும் தை, மாசி மாதங்களும் சிறந்தவை.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், புதிய பிளேடு, சொட்டுக்குழாய், பழைய செய்தித்தாளில் மடித்த உறைகள், நகை எடை பார்க்கும் சிறிய மின்னணுத் தராசு, நிறமற்ற நகப்பூச்சு, ஒட்டும் டேப், ஊசியில்லாத சிரிஞ்சு. இவ்வளவுதான். நுண்ணோக்கிக்குப் பக்கத்துப் பள்ளி ஆய்வகத்தில் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

கோயில் சுவரிலும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களிலும் எதையும் சுரண்டாதீர்கள். அங்கே லென்ஸ் வைத்துப் பார்ப்பதோடு சரி. வீட்டுச் சுவரிலும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மேல் எடுக்க வேண்டாம். மாஸ் படர்ந்த படியில் காலை வைக்கும்முன் கையால் தொட்டுப் பாருங்கள். பூச்சிமருந்து அடித்த வயலில் அன்று இறங்காதீர்கள்.

படி 1: பாசியையும் மாஸையும் பிரித்தறிதல்

குளத்தில் மிதப்பதும் படியில் வழுக்குவதும் சுவரில் படர்வதும் நமக்குப் பாசிதான். ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. லென்ஸில் பார்த்தால் குழப்பம் தீர்ந்துவிடும். வழுவழுப்பான படலமாகவோ நூலாகவோ இருந்தால் அது ஆல்கா. குட்டித் தண்டும் அதைச் சுற்றி இலைகளும் தெரிந்தால் மாஸ். இலை தண்டு என்ற பிரிவில்லாமல் பச்சை நாடா தரையோடு ஒட்டிக் கிளைத்திருந்தால் ஈரல்செடி வகை.

மாஸின் இலையை ‘இலை’ என்று சொல்வதில் கறாரான தாவரவியலாளர்களுக்குத் தயக்கம் உண்டு. ஆலமரத்தில் நாம் காணும் இலை, ஸ்போர் என்ற ஒற்றைச் செல் இனப்பெருக்கத் துகளை உண்டாக்கும் தலைமுறையான ஸ்போரோஃபைட்டின் உறுப்பு. மாஸில் பச்சையாகப் படர்ந்திருப்பதோ பாலணுக்களை உண்டாக்கும் கேமீட்டோஃபைட் என்ற மற்ற தலைமுறை. இரண்டும் தனித்தனியாகத் தோன்றிய உறுப்புகள். வேலை ஒன்று, வம்சம் வேறு. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு இலை என்றே அழைப்போம்.

படி 2: காய்ந்த மாஸின் மேல் ஒரு சொட்டு

நம் ஊர்ச் சுவர்களில் மிகப் பரவலாக இருக்கும் மாஸ்களில் ஒன்று ஹையோஃபிலா இன்வொலூட்டா. காய்ந்தால் அதன் இலையின் இரண்டு ஓரங்களும் உள்நோக்கிச் சுருளும். பெயரின் இரண்டாம் பகுதி சொல்வதும் அந்தச் சுருளலைத்தான். மழை நின்று வெயில் ஏறிய பகலில் போனால் சுவரில் கரும்பச்சையாக, சுருட்டிவைத்த பாய்களின் கட்டுபோல் தெரியும். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, கடிகாரத்தில் நேரத்தைக் குறித்து, ஒரு சொட்டு நீர் விடுங்கள்.

கண்ணெதிரே இலைகள் விரியும். கரும்பச்சை வெளிர்ந்து இளம்பச்சையாகும். சுருண்ட ஒவ்வொரு குருத்தும் மேலிருந்து பார்க்கையில் ஒரு நட்சத்திரமாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு இது சலித்ததில்லை.

இங்கே ஒரு தவறு நேரும். மாணவர்கள் எல்லாரும் செய்கிறார்கள், நானும் செய்தேன். இலை விரிந்ததும் ‘உயிர் வந்துவிட்டது’ என்று எழுதிவிடுகிறோம். விரிவது செல்சுவர் நீரை உறிஞ்சுவதால் நடக்கும் பௌதிக வேலை. செத்த மாஸின் இலையும் விரியும். உயிர் இருக்கிறதா என்று தெரிய, அந்தத் துண்டை மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரமாக, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்துப் பாருங்கள். புதிய இளம்பச்சைக் குருத்து நுனியில் வந்தால் அதுவே சான்று.

உயிருள்ள மாஸிலும் சொட்டு விழுந்த கணமே ஒளிச்சேர்க்கை தொடங்கி லாபம் வந்துவிடுவதில்லை. உலர்ந்த செல்லுக்குள் நீர் பாயும்போது செல்சவ்வுகள் கசிகின்றன, பழுது பார்க்க வேண்டியிருக்கிறது, சுவாசம் திடீரென்று உயர்கிறது. அந்த முதல் கட்டத்தில் செடி சேமித்ததைச் செலவழிக்கிறது. ஈரம் போதுமான நேரம் நின்றால்தான் வரவு செலவைத் தாண்டும். அமெரிக்காவின் கொலராடோ பீடபூமியில் கோடையில் மிகச் சிறிய மழையை அடிக்கடி பெய்வித்துச் செய்த ஆய்வு ஒன்று 2012இல் வெளியானது. அந்தத் தூறல்களால் பாலைவன மாஸ் செழிக்கவில்லை, மடிந்தது. ஒவ்வொரு முறையும் கடையைத் திறந்து, விற்பனை தொடங்கும்முன் மூட வேண்டியிருந்தால் முதல் கரையத்தானே செய்யும்? அதனால் வீட்டில் மாஸ் வளர்ப்பவர்கள் போகிறபோக்கில் தினமும் நாலு துளி தெளிப்பதை விட்டுவிடுங்கள். நனைத்தால் நன்றாக நனையுங்கள், காய்ந்தால் காயவிடுங்கள்.

படி 3: ஒரே ஓர் அடுக்குச் செல்

ஓர் இலையை மட்டும் ஊசி முனையால் பிரித்தெடுத்து, கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு நீரில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். நடுநரம்பு தவிர்த்த மற்றப் பகுதி ஒரே அடுக்குச் செல்லால் ஆனது. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பசுங்கணிகங்கள் பச்சைப் பயறு நிரப்பிய கிண்ணம்போல் தெரியும். இப்படிப்பட்ட இலையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவில் இருக்கும். வெட்டிப் பார்க்கும் சிரமம் இல்லாமலே உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது என்பதால், செல்லை முதன்முதலில் பார்க்கும் பிள்ளைக்கு வெங்காயத் தோலைவிட இதைக் காட்டலாம் என்பது என் கருத்து.

இப்போது அங்கே இல்லாதவற்றைத் தேடுங்கள். காற்று போய்வரத் திறந்து மூடும் இலைத்துளை இல்லை. பூக்கும் செடியின் இலையில் கீழ்ப்பகுதியில் இருக்கும் காற்றறைகள் இல்லை. நீரைப் பூட்டிவைக்கும் தடித்த மெழுகுத்தோல் இல்லை. பல மாஸ்களில் இலைத்துளை உண்டு, ஆனால் அது ஸ்போர்ப்பையின் சுவரில்தான் இருக்கும், இலையில் இருக்காது.

இந்த அமைப்பின் வரவு: நீரை இலைப்பரப்பு முழுவதாலும் குடிக்கலாம், வேரும் குழாயும் கட்டும் செலவு இல்லை, காய்ந்தாலும் சாவு இல்லை. செலவு: கரியமில வாயு செல்சுவரின் ஈரத்தில் கரைந்து, அந்தச் சுவரைக் கடந்தே உள்ளே போக வேண்டும். பூக்கும் தாவரத்தின் இலைக்குள் காற்றறைகளை ஒட்டிய செல்பரப்பு, இலையின் வெளிப்பரப்பைப்போல் பல மடங்கு. மாஸுக்கு அந்த உட்பரப்பு கிடையாது. மேலும் கீழும் இருக்கும் இரண்டு பக்கங்களே அதன் முழு வாசல். அதனால் ஒளிச்சேர்க்கை வேகம் குறைவாகவே இருக்கும்.

கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போகும் வாய்ப்பு வந்தால் சாலை வெட்டிய மண்சரிவுகளில் போகோனேட்டம் என்ற மாஸைத் தேடுங்கள். அதன் இலையின் மேல் பசுஞ்செல்கள் நெடுக்கில் மதில் மதிலாக எழுந்து நிற்கும். இடையில் காற்று தங்கும். காற்றறையை இலைக்கு உள்ளே கட்ட முடியாதபோது மேலே கட்டிக்கொண்டது. டெல்டாவின் சுவர்களில் நான் அதைக் கண்டதில்லை.

படி 4: தராசு

இந்தப் படிக்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள்.

தண்டுகள் நெருங்கி வளர்ந்த மாஸ் மெத்தையில் நாணய அளவுத் துண்டு ஒன்றை மண் நீங்க அலசி, நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, சொட்டச் சொட்ட எடை பாருங்கள். பிறகு நிழலில் வைத்து, பதினைந்து நிமிடத்திற்கு ஒருமுறை எடையும் தோற்றமும் குறியுங்கள். வெளிப்புற நீர்ப் பளபளப்பு எப்போது மறைகிறது, இலை எப்போது சுருளத் தொடங்குகிறது, எப்போது எடை மாறாமல் நிற்கிறது. இந்த மூன்று நேரங்களும் முக்கியம்.

பல மாஸ் இனங்களில் அளந்து உறுதி செய்த உண்மை இது: சொட்டச் சொட்ட நனைந்த நிலையில் ஒளிச்சேர்க்கை குறைவு. பளபளப்பு மறைந்து, ஆனால் செல் இன்னும் நிரம்பியிருக்கும் நிலையில் உச்சம். அதற்குப் பின் காயக் காய இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும். நீரின் அளவு இடமிருந்து வலமாகக் கூடும்படி வரைபடமாக வரைந்தால் ஒரு குன்று. இடப்பக்கச் சரிவு தாகம், வலப்பக்கச் சரிவு மூச்சுத்திணறல். உங்கள் மெத்தை குன்றின் உச்சியில் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத் தராசு தோராயமாகக் காட்டிவிடும்.

அடுத்து ஒரே ஒரு தண்டைத் தனியாகப் பிரித்து அதே நிழலில் வையுங்கள். அதை இந்தத் தராசு எடை போடாது, கண்ணால் பார்த்தால் போதும். மெத்தை இன்னும் விரிந்தே இருக்கும்போது அது சுருண்டுவிடும். இங்கேதான் எனக்கு ஒரு பெரிய விஷயம் பிடிபட்டது. மாஸில் ஓர் இலையைத் தனியாக எடுத்து மாவிலையோடு ஒப்பிடுவது தவறு. ஒப்பிட வேண்டியது மெத்தை முழுவதையும். தண்டுகளுக்கு இடையிலுள்ள இடுக்குகள் நுண்குழாய்களாகி நீரைப் பிடிக்கின்றன. மேற்பரப்பில் நகராமல் நிற்கும் காற்று ஆவியாதலைத் தணிக்கிறது. மாவிலை தன் தோலுக்குள் செய்துகொள்வதை மாஸ் பல தண்டுகள் கூடிச் செய்கிறது. கூட்டத்துக்கும் விலை உண்டு. நெருங்கி நின்றால் நீர் நிற்கும், ஆனால் கீழ் இலைக்கு ஒளி போகாது. மெத்தையைப் பிளேடால் நெடுக்காக வெட்டிப் பாருங்கள். மேலே கொஞ்சம் பச்சை, கீழே முழுதும் பழுப்பு.

ஒளி பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மாஸ்களுக்கு உச்சிவெயிலின் ஒரு சிறு பங்கு ஒளியே போதும், அதற்கு மேல் கொடுத்தாலும் வேகம் கூடாது. குறையாகத் தோன்றும். ஆனால் மாஸ் நனைந்திருக்கும் நேரம் எது என்று யோசியுங்கள். மேகம் மூடிய கார்த்திகைப் பகல், பனி விழுந்த மார்கழி விடியல். வெயில் கொளுத்தும்போது அது காய்ந்து தூங்குகிறது. தூங்கும் நேரத்து ஒளிக்காக இயந்திரம் கட்டுவது வீண் செலவு.

படி 5: அறுவடை முடிந்த வயலில் ரிக்சியா

சம்பா அறுத்த பின் தாள் நிற்கும் வயலில், மண் இன்னும் ஈரமாக இருக்கும்போது மண்டியிட்டுத் தேடுங்கள். ஒரு பைசா அளவுப் பச்சை வட்டங்கள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டாகக் கிளைத்த நாடாக்களால் ஆனவை. அதுதான் ரிக்சியா, ஈரல்செடி வகை.

நாடாவைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தால், மேல்பாதியில் பசுஞ்செல்கள் தூண் தூணாக நிற்கும். தூண்களுக்கு இடையில் மேலே திறந்த குறுகிய காற்றுவழிகள். கீழ்ப்பாதி நிறமற்ற சேமிப்புத் திசு. நீர் கீழே, காற்று மேலே. உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் ஒரே வெட்டில் பதில். ஆனால் இந்த வழிகளை மூடும் கதவு இல்லை. இலைத்துளையைப்போல் நேரம் பார்த்துத் திறந்து மூட ஈரல்செடிகளுக்கு இயலாது. அதனால் மண் ஈரமுள்ள அந்தச் சில வாரங்களுக்குள் ரிக்சியா வாழ்வை முடித்து, ஸ்போரை மண்ணில் விட்டுவிடும்.

படி 6: ஒரே விரிசலில் பெரணியும் அரசும்

பழைய மதகின் செங்கல் விரிசலில் பறவை எச்சத்தால் முளைத்த அரசங்கன்றும், அதன் பக்கத்தில் நீண்ட ஏணிபோல் சிற்றிலைகள் அடுக்கிய பெரணியும் சேர்ந்து நிற்பது நம் ஊரில் சாதாரணக் காட்சி. அந்தப் பெரணி பெரும்பாலும் டெரிஸ் விட்டேட்டாவாக இருக்கும். சுண்ணாம்பை விரும்பும் செடி. மண்ணிலுள்ள ஆர்சனிக்கை உறிஞ்சி இலையில் குவிக்கும் அதன் திறன் 2001இல் உலகுக்குத் தெரியவந்தது. அதனால் இதை மாட்டுக்கும் போடாதீர்கள், வாயிலும் வைக்காதீர்கள்.

பெரணியில் வேர் உண்டு, நீர்க்குழாய் உண்டு, மெழுகுத்தோல் உண்டு, இலைத்துளை உண்டு. அப்படியானால் அரசமரத்தைவிடப் பெரணி எதில் குறைவு? சிற்றிலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் சீப்பின் பற்கள்போல் கிளம்பி, சில நடுவில் இரண்டாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேராமல் ஓரத்தை நோக்கிப் போகும். இனி அரச இலை. அதை நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்துச் சதையைக் கழுவி, நரம்பு வலையில் ஓவியம் தீட்டுவார்களே, அந்த வலையை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கொசுவலையைவிட நெருக்கமான பின்னல்.

ஒரு சதுர மில்லிமீட்டர் இலையில் எத்தனை மில்லிமீட்டர் நரம்பு ஓடுகிறது என்று கணக்கிட்டால், பெரணி போன்ற பூக்காத தாவரங்களுக்குச் சராசரி 2க்கு அருகில், பூக்கும் தாவரங்களுக்கு 8க்கு அருகில். நரம்பு என்பது வாய்க்கால். கடைமடைச் செல்லுக்கு விரைவாக நீர் போனால்தான் இலைத்துளையை அகலத் திறந்து வைக்க முடியும். திறந்து வைத்தால்தான் கரியமில வாயு கிடைக்கும். வாய்க்கால் குறைந்த ஊரில் மடையை எவ்வளவு திறந்து என்ன பயன்? பெரணி அதனால் மெதுவாகச் சமைக்கிறது, நிழலில் நிற்கிறது, இலை கட்ட அதற்கு ஆகும் குழாய்ச் செலவும் குறைவு.

இலைத்துளையைப் பார்க்க, சிற்றிலையின் அடிப்பக்கத்தில் ஸ்போர்க் கோடு இல்லாத இடத்தில் நகப்பூச்சு தடவி, காய்ந்ததும் டேப்பால் உரித்துத் தகட்டில் ஒட்டுங்கள். மேல்பக்கத்திலும் அப்படியே செய்து ஒப்பிடுங்கள்.

அந்த விரிசலிலேயே ஈரமான செங்கலை இன்னும் கூர்ந்து பார்த்தால், நகத்தில் பாதியளவுகூட இல்லாத இதய வடிவப் பச்சைத் தகடுகள் தட்டுப்படலாம். அவை பெரணியின் கேமீட்டோஃபைட். நடுப்பகுதி தவிர ஒரே செல் தடிமன், இலைத்துளை கிடையாது. ஏணியிலை வைத்திருக்கும் இந்தச் செடி தன் இளம்பருவத்தை மாஸின் விதிப்படியே வாழ்ந்து வருகிறது.

படி 7: ஆரைக்கீரை

டெல்டாவில் ஒரே ஒரு செடியைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் ஆரையைப் பாருங்கள். வரப்போரத்தில் நாலிலை விரித்து நிற்கும் மார்சிலியா. மூன்று இலையோடு மஞ்சள் பூ வைப்பது புளியாரை, அது வேறு, பூக்கும் செடி. ஆரையின் இளம் இலை சுருண்டு கிளம்புவதே அதைப் பெரணி என்று காட்டிக்கொடுக்கும். சிற்றிலையில் நடுநரம்பு இல்லை. அடியிலிருந்து விசிறியாகப் பிரிந்து பிரிந்து ஓடும் நரம்புகளை லென்ஸில் காணலாம்.

திருவாரூர்ப் பக்கம் ஒரு வரப்பில் உட்கார்ந்து இதை அளந்துகொண்டிருந்தேன். மடை பார்க்க வந்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார்.

“தம்பி, களைக்கு எதற்கு அளவுகோல்?”

காம்பின் நீளத்தைக் குறிக்கிறேன் என்றேன்.

“தண்ணீர் ஏறினால் அதுவும் காம்பை நீட்டிக்கொண்டு மேலே வரும். வடிந்தால் குட்டையாக நிமிர்ந்து நிற்கும். அளந்துதான் தெரிய வேண்டுமா ஐயா?” என்று சொல்லிவிட்டு மண்வெட்டியோடு நடந்தார்.

அவர் சொன்னது அத்தனையும் சரி. நீரில் மிதக்கும் ஆரையிலையின் அடிப்பக்கம் நீரைத் தொடுவதால் அங்கே இலைத்துளைக்கு வேலை இல்லை, அது மேல்பக்கத்தில் மட்டும் இருக்கும். நிலத்தில் நிமிர்ந்த இலையில் இரண்டு பக்கமும் இருக்கும். ஒரே செடி, ஒரே வேர்க்கிழங்கு, இரண்டு விதமான இலை. செடி வறட்சியை உணரும்போது பெருகும் அப்சிசிக் அமிலத்தை நீரில் கலந்து கொடுத்தாலே, மூழ்கிய மார்சிலியா நில இலையை விடத் தொடங்குகிறது என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது இங்கே வழக்கம். அந்த முறைக்கு ஏற்ப வாழப் பொருத்தமான செடி இது.

நகப்பூச்சு முறையைத் தண்ணீர் நிற்கும் வயலின் இலையிலும், வரப்பின் மேல் நிற்கும் இலையிலும் மேல், கீழ் என நான்கு உரிப்புகளாகச் செய்யுங்கள். மிதக்கும் இலையின் அடிப்பக்கத்தைத் துணியால் ஒற்றி உலர்த்திய பிறகே பூச வேண்டும். அந்தி சாய்ந்த பின் ஒருமுறை போய்ப் பாருங்கள். நான்கு சிற்றிலைகளும் கைகூப்பியதுபோல் மேல்நோக்கி மடிந்திருக்கும்.

படி 8: சிரிஞ்சு சோதனை

இது காற்றறை உண்டா இல்லையா என்பதை நேரடியாகச் சொல்லும். அரைக் குவளை நீரில், அதாவது 100 மில்லியில், ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவமும் கலக்குங்கள். ஆரையிலையில் நீர் ஒட்டாது, அதற்குத்தான் திரவம். உறிஞ்சுகுழலால் இலையை வட்டங்களாக வெட்டிச் சிரிஞ்சுக்குள் போட்டு, இந்த நீரை இழுத்து, முனையை விரலால் அடைத்துத் தண்டைப் பின்னால் இழுத்துப் பிடியுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் இலைக்குள்ளிருந்த காற்று வெளியேறி வட்டங்கள் மூழ்கும். குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் வையுங்கள். ஒளிச்சேர்க்கையில் வரும் ஆக்சிஜன் காற்றறைகளில் சேர, வட்டங்கள் ஒவ்வொன்றாக மிதந்து எழும். பாலக் கீரை, ஆரை, பெரணி மூன்றுக்கும் பாதி வட்டங்கள் எழ எவ்வளவு நேரம் என்று குறியுங்கள்.

மாஸில் இதைச் செய்ய முடியாது. வெளியேற்ற உள்ளே காற்றறை இல்லை. இலைகளுக்கு இடையில் சிக்கிய குமிழிகளே உங்களைக் குழப்பும்.

படி 9: அசோலாவும், சால்வினியா பற்றி ஒரு சொல்லும்

மாட்டுத்தீவனத்துக்காக அசோலா தொட்டி வைத்திருக்கும் வீடு பக்கத்திலேயே இருக்கும். ஒரு பிடி கேளுங்கள். இதுவும் பெரணிதான். ஒவ்வொரு இலையும் இரண்டு மடல். கீழ்மடல் ஏறத்தாழ நிறமற்று, மெலிந்து, நீரில் படிந்து மிதப்புக்கு உதவுகிறது. மேல்மடல் காற்றில் நின்று பச்சையம் சுமக்கிறது. அதன் உள்ளே ஒரு குழி. குழிக்குள் நைட்ரஜனை நிலைநிறுத்தும் நீலப்பச்சைப் பாசி குடியிருக்கிறது, தலைமுறை தலைமுறையாக ஸ்போரோடு சேர்ந்தே அடுத்த செடிக்குப் போகிறது. இலையில் ஓர் அறையை வாடகைக்கு விட்டு உரமாக வாடகை வாங்கும் ஏற்பாடு. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு நிறைய ஆற்றல் வேண்டும் என்பதால், இந்தக் குடித்தனத்துக்கும் சேர்த்து இலை சமைக்க வேண்டியிருக்கிறது. ஒரு இலையைக் கண்ணாடித் தகட்டில் நசுக்கிப் பார்த்தால் மணிமாலைபோன்ற இழைகள் தெரியும். கடும் வெயிலிலோ மணிச்சத்துக் குறைவிலோ தொட்டி சிவந்துபோவது ஆந்தோசயனின் நிறமியால். மேலே தென்னங்கீற்று நிழல் கொடுங்கள்.

நீரில் மிதக்கும் இன்னொரு பெரணியான சால்வினியாவில், மூன்று மூன்றாக வரும் இலைகளில் மூன்றாவது இலை ஒளிச்சேர்க்கையையே கைவிட்டு, வேர்போல் நீருக்குள் தொங்குகிறது. உண்மையான வேர் அதற்குக் கிடையாது.

மாதிரியைப் பாதுகாத்தல்

சேகரித்த மாஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மறந்துவிடாதீர்கள். என் முதல் ஆண்டுச் சேகரிப்பு முழுதும் அப்படித்தான் பூஞ்சை பிடித்து அழிந்தது, அதில் நான் திரும்பப் பார்க்க முடியாத அந்தக் கிணற்றடி மாஸும் இருந்தது. செய்தித்தாள் உறையில் போட்டுக் காயவிடுங்கள். உறைமேல் இடம், தேதி, சுவர் எந்தத் திசையைப் பார்த்தது, செங்கலா காரையா சிமெண்டா, எடுத்தபோது ஈரமா காய்ந்ததா என்று எழுதுங்கள். பங்குனியில் ஒரு பாதியைப் பிரித்துப் படி 2இல் சொன்ன கண்ணாடிப் பாத்திரத்தில் நனைத்து வையுங்கள். மற்றப் பாதியை அடுத்த ஐப்பசிக்கு விட்டுவையுங்கள். எது எத்தனை நாளில் புதுக் குருத்து விட்டது என்பதை அதே உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.